கேட்கக்கூடாத வாரம்

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து சாரல். மொட்டை மாடியில் காயப்போட்டதெல்லாம் மறுபடி உள்ளே, நாற்காலி முதுகுகளில். வீடு முழுக்க ஈரத்துணி வாடை. மகள் ஜெனிக்கு அந்த வாடை ஆகவில்லை. சாம்பிராணி போட்டேன். அதுவும் ஆகவில்லை.

ஆராதனை முடிவில் ஐயர், எங்கள் சபைப் போதகர், அறிவிப்பு வாசித்தார். இன்றிலிருந்து சனிக்கிழமை வரை சபைப் பெண்கள் சங்கத்தின் துதி வாரம், ஏற்பாடு சங்கச் செயலாளர் திருமதி எஸ்தர் ஞானராஜ். என் பெயரைக் கேட்டதும் முன்வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சேலை மாற்றும்போதுதான் பயம் வந்தது.

ஏற்பாடு என்னுடையதுதான். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. போன மாதக் கூட்டத்தில் "ஜெபக் குறிப்பு இருந்தா சொல்லுங்க" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். கிரேஸ் டீச்சர் மகனுக்கு விசா, ஒருத்திக்கு வீட்டு லோன், ஒருத்திக்குப் போர்வெல்லில் தண்ணீர். பாக்கியம் அக்கா ஆரம்பித்தால் தலைமுடி உதிர்வது வரை போகும். கொண்டுவந்த காபி ஆறி ஆடை படிந்துவிட்டது. எரிச்சலில் சொன்னேன்: "ஆண்டவர் என்ன ரேஷன் கடையா வச்சிருக்காரு? ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், ஒண்ணும் கேக்காம நன்றி மட்டும் சொல்லிப் பாப்பமா?"

ஐயரின் மனைவிக்கு, அதாவது எங்கள் ஐயரம்மாவுக்கு, ரொம்பப் பிடித்துவிட்டது. எல்லாரும் எழுந்து நின்று பொருத்தனை செய்தோம். கூட்டத்திலும் சரி, வீட்டில் தனியாகவும் சரி, துதியும் ஸ்தோத்திரமும் மட்டும். விண்ணப்பம் கூடாது. தேவனுக்கு முன்பாகக் கொடுத்த வாக்கு.

அப்போது ஜெனி கோயம்புத்தூரில் அவள் வீட்டில் நன்றாக இருந்தாள். இப்போது இங்கே, பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். எட்டாம் மாதம். இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறாள். நச்சுக்கொடி கொஞ்சம் கீழே இருக்கிறதாம், போகப்போக ஏறிவிடுமாம்.

ஏற்கெனவே இரண்டு தங்கவில்லை.

தினமும் எழுந்ததும் என் முதல் ஜெபம் அந்த வயிற்றுக்குத்தான். இன்றைக்கும் வழக்கம்போல ஆரம்பித்து, பாதியில் வாயை மூடிக்கொண்டேன். ஒரு வாரம் அவளுக்காகக் கேட்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது.


ஜூலை 7, திங்கள்

குற்றாலம். எங்கள் கடையில் ஓரிடத்தில் நிற்க நேரமில்லை. மெயின் அருவியில் நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். துண்டு, சோப்பு, ஷாம்பு பாக்கெட், எண்ணெய் எல்லாம் பறந்தன. கேரளாக்காரர்கள் ஒரு வேன் நிறைய. "சேச்சி, தோர்த்து உண்டோ?" என்று துண்டு கேட்டார்கள். பிள்ளைகளுக்கான அரைக்கால் சட்டை தீர்ந்துவிட்டது. அவரிடம் சொல்ல வேண்டும். அவர் என்றால் வீட்டுக்காரர். கல்லாவில் உட்கார்ந்தால் கல்லாவைத் தவிர ஒன்றும் கண்ணில் படாது.

சாயங்காலம் ஐயர் வீட்டில் முதல் கூட்டம். நல்ல வருகை. ஆனால் கேட்டே பழகிய வாய்கள்.

கிரேஸ் டீச்சர்: "என் மகனுக்குக் கிடைக்கப் போற விசாவுக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே."

நான்: "டீச்சர், விசா வந்துட்டா?"

"வரப் போகுது."

"வந்த பொறவு சொல்லுங்க. இது கேக்குறதுக்குப் பவுடர் போட்டு விட்ட மாதிரில்லா இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் முகம் சுண்டிவிட்டது. அடுத்து பாக்கியம் அக்கா. இவள் வீட்டுக்காரருக்குப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி மண்டி. குரலும் மண்டிக் குரல்தான். "முட்டு வலியத் தாங்குத பெலனுக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே. வலி இல்லாட்டி இன்னும் நல்லா முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொல்லுவேன். அது ஒமக்கே தெரியும்."

"யக்கா!"

"நான் என்னட்டி கேட்டேன்? தெரியும்னுதான சொன்னேன்."

ஐயரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நடந்ததற்கு மட்டும்தான் நன்றி. நடக்கப் போவதற்குச் சொல்லும் நன்றி, கேட்பதுதான். திரும்பி வரும்போது எனக்கே என் குரல் கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

வீட்டில் ஜெனி சோபாவில் கால் நீட்டி மங்குஸ்தான் உரித்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா, எத்தனை பேரைப் பிடிச்ச?" என்றாள். கால் வீக்கம் கொஞ்சம் அதிகம் போலத் தெரிகிறது. எனக்குத்தான் அப்படித் தெரிகிறதோ என்னவோ.


ஜூலை 8, செவ்வாய்

இன்றைக்கு எழுத்து கோணல்.

காலையில் குளித்துவிட்டு வந்த ஜெனி, கதவு நிலையைப் பிடித்தபடி "அம்மா" என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். முன்பும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

ரத்தம். அதிகம் இல்லை. ஆனால் ரத்தம்.

ஆட்டோ. ஆஸ்பத்திரி. டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்துத் தேடினாள். தேடினாள். தேடினாள். பிறகு துடிப்பு கேட்டது. குதிரை ஓடுகிற மாதிரி. நான் சுவரில் சாய்ந்துவிட்டேன்.

"கொடி ஏறல. கர்ப்பப்பை வாசல்லயே கிடக்கு. இப்போதைக்கு ரத்தம் நின்னுட்டு. பிள்ளை நுரையீரல் பலப்படுறதுக்கு ஊசி போட்டிருக்கேன். இன்னும் ரெண்டு மூணு வாரம் தள்ளினா நல்லது. படுக்கையை விட்டு எழும்பக்கூடாது. மறுபடி வந்தா யோசிக்காதீங்க, அள்ளிப் போட்டுட்டு வந்துருங்க."

சாயங்காலம் வரை வைத்துப் பார்த்துவிட்டு, வீடு பக்கம்தானே என்று அனுப்பினாள்.

வந்ததும் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றேன். வாய் திறந்தால் 'காப்பாற்றும்' என்று வருகிறது. பொருத்தனை. கஷ்டப்பட்டு மாற்றிக்கொண்டேன்.

ரத்தம் நின்றதற்கு ஸ்தோத்திரம்.
ஆட்டோ உடனே கிடைத்ததற்கு ஸ்தோத்திரம்.
டாக்டரம்மா லீவில் இல்லாததற்கு ஸ்தோத்திரம்.
துடிப்பு கேட்டதற்கு ஸ்தோத்திரம்.

கடைசியைச் சொல்லும்போது 'நாளைக்கும் கேட்க வேண்டும்' என்று அதன் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. வாயால் சொல்லவில்லை. மனதில் வந்தது கணக்கில் சேருமா?

பயம் இதுதான், ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். கேட்டால் கொடுத்த வாக்கை மீறியவள். அதற்குத் தண்டனை என் மேல் வராது, அந்த வயிற்றின் மேல் வரும். கேட்காவிட்டால், கேட்காததால் கிடைக்காமல் போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜெனியின் வயிறு.

ஐயரிடம் சொல்லி விடுவித்துக்கொள்ளலாம். ஆனால் ஜெனி யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். போன தடவை ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாரும், இதற்கும் நன்றி சொல்லும்மா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து அவளுக்கு ஜெபக்கூட்டத்துப் பெண்கள் என்றாலே ஆகாது.

அவர் கடையிலிருந்து வந்ததும் சொன்னேன். "அத்தான், நீங்க பொருத்தனை பண்ணல. நீங்களாவது கேளுங்க."

"எனக்கு எங்கட்டி ஒழுங்கா ஜெபிக்கத் தெரியும்? ஒனக்குத்தான் வாய் உண்டு."

"தெரிஞ்சத வச்சுக் கேளுங்க."

"ம்" என்றார். அந்த 'ம்'மை நம்பி எப்படி இருப்பது? இந்த வீட்டில் கல்லா அவர் இலாகா, ஜெபம் என் இலாகா. இத்தனை வருஷமும் அப்படியே ஓடிவிட்டது.


ஜூலை 9, புதன்

சாரல் நின்று மழையாகப் பிடித்திருக்கிறது.

கடைக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். சரக்கு இறங்குகிற நாள். ஜெனிக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுச் செல்வியை உட்கார வைத்துவிட்டு ஓடினேன். கிளம்பும்போது "காவலாக இரும் ஆண்டவரே" என்று வந்துவிட்டது. உடனே, "இதுவரைக்கும் காவலாக இருந்ததற்கு ஸ்தோத்திரம்" என்று சேர்த்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் தப்பாக எழுதியதை எச்சில் தொட்டு அழிப்போமே, அந்த மாதிரி.

பக்கத்துக் கடை முருகையா அண்ணாச்சி. நேந்திரம் சிப்ஸ் போடுகிறவர். எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றபடியே என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, மொகம் வாடிக் கெடக்கு? பாப்பாவுக்குச் சொகந்தானே?"

சொல்லக்கூடாது என்று சத்தியம். ஆனால் சபையில்தானே சொல்லக்கூடாது என்றாள். இவர் சபை இல்லையே. இப்படி ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். துதி வாரத்தையும் சேர்த்து.

அண்ணாச்சி கரண்டியை வடிகட்டியில் சாய்த்து வைத்தார். "அப்ப ஒங்க சாமிக்கு இந்த வாரம் லீவா?"

"அவருக்கு லீவு இல்ல அண்ணாச்சி. நாங்கதான் தொந்தரவு பண்ணாம இருக்கோம்."

"நல்ல கூத்து." சிரிக்கவில்லை. "சரி, நீ ஒன் பேச்சக் காப்பாத்து. நான் கேட்டுக்கிடுதேன். போற வழிதான், காசி விசுவநாதர் கோயில்ல அம்மைகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன். பாப்பா நட்சத்திரம் என்ன?"

"எங்களுக்கு அதெல்லாம் பாக்கிறதில்ல."

"பேரு போதும்."

வேண்டாம் அண்ணாச்சி என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. "ஜெனிட்டா" என்றேன். ஒரு தரம் சொன்னது போதாதென்று எழுத்துக் கூட்டி வேறு சொன்னேன்.

இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன். அவர் போவார் என்று தெரிந்தேதான் சொன்னேனா? நான் கேட்கக்கூடாது என்பதால் இன்னொருவரை, இன்னொரு வாசலுக்கு, கேட்க அனுப்பினேனா? சங்கச் செயலாளர். கர்த்தர் எரிச்சலுள்ளவர், வேறு தெய்வத்தைப் பொறுக்கமாட்டார் என்று சின்ன வயதிலிருந்து படித்தவள். பயமாக இருக்கிறது. ஆனாலும், யாரோ ஒருவர் கேட்டிருக்கிறார் என்று ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருக்கிறது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்னும் பயம்.


ஜூலை 10, வியாழன்

ஜெனி என்னோடு சண்டை.

காலையில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். தூங்குகிறாள் என்று நினைத்தேன். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். மூச்சு விடாமல்.

"அம்மா, நிப்பாட்டுதியா?"

"என்னட்டி?"

"ஒனக்குப் பயமா இருக்கு. எனக்கும் பயமா இருக்கு. நீ இப்படிச் சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் கூடுது. ஆஸ்பத்திரில வாசல்ல நின்னு புலம்புவாங்கல்லா, அப்படி இருக்கு."

"ஸ்தோத்திரம் புலம்பலாட்டி?"

"நீ சொல்லுதது புலம்பல்தான். பயமா இருக்குன்னு அவருகிட்ட சொன்னா என்ன? கோவிச்சுக்கிடுவாரா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவிசுவாசமாகப் பேசாதே என்றேன். படுத்திருக்கிற பிள்ளையிடம். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பவும் கூடாது, இடது பக்கம்தான் படுக்க வேண்டும் என்று அதற்கும் ஒரு சத்தம் போட்டேன்.

சாயங்காலம் பாக்கியம் அக்கா வீட்டில் கூட்டம். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். போனேன். கடைசியில் ஜெபம் என் முறை. வந்தது பாருங்கள், அருவி மாதிரி. சாரலுக்கு ஸ்தோத்திரம், சுவாசத்துக்கு ஸ்தோத்திரம், பார்த்த கண்ணுக்கும் நடந்த காலுக்கும் ஸ்தோத்திரம். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. கண்ணைத் திறந்தால் நிறையப் பேர் கண்ணைத் துடைக்கிறார்கள். "எஸ்தர் அக்கா, இன்னைக்கு ஆவியானவர் பேசினார்" என்றது ஒரு பெண். எனக்குத்தான் தெரியும், பேசியது யாரென்று. அத்தனை நன்றிக்கும் நடுவில் ஒருத்தி மூலையில் நின்று ஜெனி ஜெனி ஜெனி என்று அடித்துக்கொண்டே இருந்தாள்.

பாக்கியம் அக்கா மட்டும் கண்ணைத் துடைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது முருங்கைக்காய் ஒரு கட்டும் பூசணிக் கீற்றும் பையில் திணித்தாள். "பிள்ளத்தாய்ச்சிக்கு" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.


ஜூலை 11, வெள்ளி

கனமழை. அருவியில் குளிக்கத் தடை. கடை காத்தாடுகிறது. அவர் மதியமே வந்துவிட்டார்.

மழைக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அளவாகப் பெய்யட்டும் என்று சேர்க்க முடியாது.

ஜெனிக்கு இன்றைக்கு ஒன்றும் இல்லை. கையை வைத்துப் பார்க்கச் சொன்னாள். பிள்ளை உதைத்தது. பேசிக்கொண்டுவிட்டோம். சமாதானம்.

அவர் ஜெனி அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தார். ஒரே பக்கத்தை வெகுநேரம்.


ஜூலை 12, சனி

இன்றோடு முடிகிறது. கடைசிக் கூட்டம் நம் வீட்டில், காலை பத்தரைக்கு. இனி மாற்ற முடியாது, சபையில் அறிவித்தாயிற்று. ஜெனி, "வரட்டும், நான் கதவச் சாத்திக்கிடுதேன்" என்றாள்.

செய்ய வேண்டியது: சுண்டல் (ஊறியாச்சு). பாய், செல்வி வீட்டிலிருந்து இன்னும் இரண்டு. காபிக்குப் பால். ஐயரம்மாவுக்கு நாற்காலி. பாட்டுப் புத்தகம்.

நாளைக் காலையிலிருந்து கேட்கலாம். இன்னும் ஒரு பகல்தான். அதுவரைக்கும்


ஜூலை 13, ஞாயிறு

மேலே பாதியில் நிற்கிறது. அப்போது ஐயரம்மா வந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒழுங்காக எழுதினால்தான் நடந்தது எனக்கே பிடிபடும்.

கூட்டம் ஆரம்பித்து இரண்டாவது பாட்டு. கை தட்டிப் பாடுகிற பாட்டு. அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. பாக்கியம் அக்காதான் கதவுப் பக்கம் இருந்தவள், பாட்டை நிறுத்தி, "எஸ்தரு, ஒம்மவ கூப்பிடுதா" என்றாள்.

உள்ளே போனேன். கட்டில் விரிப்பு முழுக்க. இந்தத் தடவை கொஞ்சம் இல்லை. ஜெனி உதடு வெளுத்து, சத்தம் போடாமல், என்னையே பார்க்கிறாள்.

வெளியே வந்து எல்லாருக்கும் முன்னால் கத்தினேன். "ஆண்டவரே, என் பிள்ளையக் காப்பாத்தும்! காப்பாத்தும்யா! ஒமக்குக் கண் இல்லியா!"

சங்கச் செயலாளர். கையில் பாட்டுப் புத்தகம். இன்னும் ஒரு பகல் பொறுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் பாக்கியம் அக்காதான். அவள் கார் வாசலில் நின்றது. முட்டு வலிக்காரி ஜெனியைத் தோளில் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டு படி இறங்கினாள். பின்சீட்டில் காய்கறிக் கோணி. அதன் மேலேயே நான். அவர் கடைக்குப் போயிருந்தார், போனில் சொன்னேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

போனதும் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஆபரேஷன். கையெழுத்து நான்தான் போட்டேன். மதியம் நர்ஸ் வெளியே வந்து, "பெண் பிள்ளை, தாய் பிழைச்சிக்கிட்டா" என்றாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது என்று சொல்லவில்லை. அதைக் கவனித்தேன்.

எடை குறைவு. மூச்சு சிரமம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். ஜெனி கண் விழித்ததும் "பாப்பா எங்கம்மா?" என்றாள். "உள்ள இருக்கா" என்றேன். மாப்பிள்ளை கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டார். வராந்தாவின் கடைசியில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது என் பயம். வாக்கை மீறியாயிற்று. அதற்குப் பதிலாக எதை எடுப்பார்? தாயை விட்டுவிட்டார். அப்படியென்றால்?

பாக்கியம் அக்கா ஆராதனை முடிந்து நேரே இங்கே வந்தாள். இட்லிப் பாத்திரம். அவளிடம் சொல்லிவிட்டேன். வேறு யாரிடம் சொல்ல?

"யக்கா, நான் பொருத்தனைய மீறிட்டேன். அதான் பிள்ளைக்கு மூச்சு இப்படி."

அவள் இட்லியைப் பிட்டு என் வாயில் வைத்துவிட்டுச் சொன்னாள். "மொதல்ல முழுங்கு. நீ நேத்துதான மீறுன? நான் திங்கக்கெழமையே மீறிட்டேன்."

"என்ன?"

"பொறவு? வெளிய ஸ்தோத்திரம், உள்ள விண்ணப்பம். வியாழக்கெழம ஒன் மொகத்தப் பாத்ததுலருந்து ஒனக்கும் சேத்துத்தான். என்னன்னு தெரியாது, எஸ்தருக்கு என்னமோ இருக்கு, பாத்துக்கிடும்னு சொல்லிட்டேன். நேத்து நீ போன பொறவு ஒன் வீட்டுல ஒருத்தியும் எந்திரிக்கல. ஐயரம்மாதான் மொதல்ல அழுது கேட்டா. டீச்சர் தரையில விழுந்து கேட்டா. சுண்டல் அப்படியே கெடக்கு. இத்தன பேருக்கும் தண்டன குடுக்கணும்னா அவருக்கு வேற வேல இல்லியாட்டி?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து இட்லி தொண்டையில் சிக்கிக்கொண்டது. தண்ணீர் கொடுத்தாள். கொஞ்சம் லேசானது. பயம் போகவில்லை. தனியாகப் பயப்படுவது போயிருக்கிறது.


ஜூலை 15, செவ்வாய்

மழை குறைந்திருக்கிறது என்கிறார்கள். இங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை.

மூச்சுக்கு வைத்திருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறாள். ஆனால் அழுவதில்லை. கிடக்கிறாள். பாலைக் குழாய் வழியாக மூக்கில் விடுகிறார்கள், மணி பார்த்து. ஜெனி பிழிந்து கொடுப்பதில் ஒரு சங்கு கூட முழுதாகப் போவதில்லை.

குழந்தை டாக்டர்: "நாங்களா ஊத்துறோம், அதுவா வாங்கிக்கிடுது. அவ்வளவுதான். பசின்னு அதுக்கே தெரியணும். தெரிஞ்சு அழணும். அது வரைக்கும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஐயரம்மா வந்தாள். நல்ல மனசு. ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கை வைக்கலாமா, ஐயர் அறிவிப்பில் வாசிப்பார் என்றாள். தாயும் சேயும் நலம் என்று.

"இப்ப வேண்டாம்மா" என்றேன்.

"ஏன் எஸ்தர்? இவ்வளவு நடத்தியிருக்காரே."

எப்படிச் சொல்வது? நன்றி சொல்லிவிட்டால், சரி, முடிந்தது, கிளம்பு என்று அனுப்பிவிடுவாரோ என்று இருக்கிறது. விருந்தில் கை கழுவி எழுந்தவளுக்கு மறுபடி யார் இலை போடுவார்கள்? துதி வாரம் ஏற்பாடு செய்தவளுக்கு இன்றைக்கு ஸ்தோத்திரம் சொல்லப் பயம். இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அப்படித்தான் இருக்கிறது.

ஐயரம்மா, "சரி, நீ சொல்லுத அன்னைக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெபம் பண்ணவில்லை. அதுவே பெரிதாகப்பட்டது.

அவரை மாடிப்படி அடியில் பார்த்தேன். சுவரைப் பார்த்து நிற்கிறார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருக்கிறார். கிட்டப் போனால் முணுமுணுப்பு. "குடும்யா. குடும்யா. குடும்யா." அது ஒன்றுதான். நான் வந்தது தெரியாமல் திரும்பிவிட்டேன்.


ஜூலை 16, புதன்

பெட்டிக்கு வெளியே நின்று பார்க்க விட்டார்கள். ஜெனிக்கு நடக்க முடியாது என்பதால் நான். கை கழுவி, பச்சை அங்கி போட்டு.

என் கையளவு முதுகு. விலா எலும்பு எண்ணலாம். ஏறி இறங்குகிறது. நின்று, மறுபடி ஏறுகிறது. அந்த இடைவெளியில் நானும் மூச்சை நிறுத்திவிடுகிறேன்.

திரும்பி வந்ததும் ஜெனி கேட்டாள். "என்னம்மா சொல்லி ஜெபிச்ச?"

"ஒண்ணும் சொல்லல. பாத்துக்கிட்டே நின்னேன். பயமா இருக்குன்னு சொன்னேன்."

"யார்ட்ட? பாப்பாட்டயா?"

"அவர்ட்டதான். வேற யார்ட்ட?"

ஜெனி என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "நானும் அதைத்தான் சொல்லிட்டு இருக்கேன்" என்றாள். தையல் வலிக்கிறதாம். மாத்திரை கொடுத்தேன்.


ஜூலை 18, வெள்ளி

வெயில். நேற்று எழுதவில்லை. நேற்றும் பாப்பா அழவில்லை.

அருவியில் குளிக்க அனுமதித்துவிட்டார்களாம். முருகையா அண்ணாச்சி போன். "நம்ம கடையையும் நானே தொறந்து வச்சிருக்கேன். துண்டு நல்லாப் போவுது. கடையப் பத்தி நீங்க ரெண்டு பேரும் நெனைக்கவே நெனைக்காதீங்க. பாப்பா எப்படி?" அப்படியேதான் என்றேன். "சரி, நாளைக்கும் போறேன்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. நல்லது அண்ணாச்சி என்றேன்.

வாங்க வேண்டியது: ஜெனிக்கு ரஸ்க். நாப்கின். ப்ளாஸ்க் மூடி உடைந்துவிட்டது.

இதற்கு மேல் எழுதப் போகும்போதுதான் பிள்ளைகளை வைத்திருக்கிற அறையின் கதவு திறந்தது. அது திறந்தால் வராந்தாவில் இருக்கிற அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். யாரைக் கூப்பிடுவார்களோ என்று. நர்ஸ் தலையை நீட்டி, "ஜெனிட்டா பாப்பாவுக்கு யாரு?" என்றாள்.

நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர்தான் போனார். போகிற முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நர்ஸ் ஏதோ சொல்கிறாள். அவர் அசையாமல் நிற்கிறார். ஆண்டவரே ஆண்டவரே ஆண்டவரே.

திரும்பினார். முகம் கோணிக்கொண்டு போகிறது. நர்ஸே அவரைத் தாண்டி என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"பால் இருக்காம்மா? ஊத்துத நேரம் இன்னும் ஆகல. ஆனா பாப்பா வாயத் தொறந்து தொறந்து தேடுது, ஒரே அழுகை. கேக்குதும்மா. சீக்கிரம் கொண்டாங்க."

ஜெனி அறைக்கு ஓடினேன். செருப்பு ஒன்று வராந்தாவிலேயே. "ஏட்டி, ஒம்மவ பால் கேக்குறாட்டி, கேக்குறா!" அவள் தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். சத்தம் கதவைத் தாண்டி இங்கே வரை வருகிறது. பூனைக்குட்டிச் சத்தம்தான். ஆனால் விடவில்லை. கொடுத்தது போதாது போல.

ஸ்தோத்திரம் ஆண்டவரே. இன்னும் கேட்கட்டும்.